சேரும் பிழையும் சேராப் பிழையும்: நுண்கட்டுப்படுத்தியின் வன்பொருள் டைமரை நிரலாக்குதல்

ஆய்வுச்சுருக்கம்

குறைந்த செலவில் அளவீட்டுக் கருவிகளைத் தாமே அமைத்துக்கொள்ளும் ஆய்வாளர்கள் ஆர்டுவினோ போன்ற நுண்கட்டுப்படுத்திப் பலகைகளைப் பெரிதும் பயன்படுத்துகின்றனர். அக்கருவிகள் பதியும் ஒவ்வோர் அளவீட்டுக்கும் ஒரு நேரம் உண்டு. அந்நேரம் எந்த அளவுக்கு நம்பத்தக்கது என்பதை, நிரலில் டைமர் கையாளப்படும் முறையே பெரும்பாலும் முடிவு செய்கிறது. ஏடிமெகா328பி நுண்கட்டுப்படுத்தியின் 16 பிட் டைமரை எடுத்துக்காட்டாகக் கொண்டு, நேரப் பிழைகள் சுற்றுக்குச் சுற்று கூடிக்கொண்டே செல்வன, ஒரு வரம்புக்குள் நின்றுவிடுவன என இருவகைப்படும் என்பதையும், டைமரை நிரலாக்கும் முறைகளுள் எது எவ்வகைப் பிழையைத் தருகிறது என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: நுண்கட்டுப்படுத்தி, டைமர், குறுக்கீடு, முன்வகுப்பி, ஒப்பீட்டுப் பதிவகம், மாதிரியெடுப்பு, நேரப் பிழை.

முன்னுரை

வெப்பநிலையைப் பதியும் ஒரு கருவியை எடுத்துக்கொள்வோம். நொடிக்கு ஒருமுறை உணரியைப் படித்து, கிடைத்த மதிப்பை நினைவக அட்டையில் எழுதவேண்டும் என்பது அதன் பணி. முதன்முறையாக நிரல் எழுதுவோர் பலரும் இதனைப் 'படி, எழுது, 1,000 மில்லிநொடி காத்திரு, மீண்டும் தொடங்கு' என்றே அமைப்பர். படிப்பதற்கும் எழுதுவதற்கும் 35 மில்லிநொடி ஆகுமெனில் ஒரு சுற்றின் உண்மையான நீளம் 1,035 மில்லிநொடியாகும். ஒரு மணி நேரத்தில் 3,600 அளவீடுகள் கிடைக்கவேண்டிய இடத்தில் 3,478 மட்டுமே கிடைக்கும். அவற்றை நொடிக்கு ஒன்றெனக் கொண்டு வரைபடம் வரைந்தால், ஒரு மணி நேர நிகழ்வு 58 நிமிடத்துக்குள் முடிந்துவிட்டதாகத் தோன்றும்.

அவ்வரைபடத்தில் எந்த இடத்திலும் முறிவு இராது. கோடு ஒழுங்காகவே செல்லும். பிழை இருப்பதற்கான தடயம் தரவில் இல்லை என்பதே இங்குள்ள இடர். இரண்டு இடங்களில் வைக்கப்பட்ட இரு கருவிகளின் பதிவுகளை ஒப்பிட்டு, ஒன்றில் ஏற்பட்ட மாற்றம் மற்றொன்றை எவ்வளவு நேரம் கழித்து எட்டியது என்று கணிக்க முற்படும் ஆய்வாளர், இயற்கையின் தாமதத்தை அளக்கிறாரா அல்லது தம் நிரலின் தாமதத்தை அளக்கிறாரா என்று பிரித்தறிய இயலாது போகும்.

'காத்திரு' என்னும் கட்டளைக்கு மாற்றாக வன்பொருள் டைமரைப் பயன்படுத்துக என்பது பாடநூல்கள் அனைத்தும் கூறும் அறிவுரை. அது சரியே. ஆயினும் டைமரைப் பயன்படுத்துவதால் மட்டும் நேரம் சரியாகிவிடாது. டைமரையே பிழையாகவும் நிரலாக்கலாம். அவ்வாறு நிரலாக்கியது சோதனை மேசையில் சரியாக இயங்குவதாகவும் தோன்றலாம்.

இருவகைப் பிழை

ஆலைச் சங்கொலி கேட்டு நாள்தோறும் காலை 6 மணிக்கு எழும் ஒருவர், ஒருநாள் சோம்பலால் 5 நிமிடம் பிந்தி எழுகிறார். மறுநாள் சங்கு 6 மணிக்கே ஒலிக்கும். முந்தைய நாளின் தாமதம் மறுநாளைத் தொடாது. வேறொருவர் தாம் எழுந்த கணத்திலிருந்து 24 மணி நேரம் எண்ணி மறுநாள் எழுகிறார் எனக் கொள்வோம். அவர் நாளுக்கு 5 நிமிடம் பிந்தினால் 12 நாளில் ஒரு மணி நேரம் பிந்திவிடுவார். இருவரின் அன்றாடத் தாமதமும் ஒன்றே, விளைவு வேறு.

முதலாமவருடையதைச் சேராப் பிழை என்றும், இரண்டாமவருடையதைச் சேரும் பிழை என்றும் இக்கட்டுரை வழங்குகிறது. முன்னுரையில் கண்ட 35 மில்லிநொடி, சேரும் பிழை. ஒரு நிரலை ஆராயும்போது 'பிழை எவ்வளவு' என்று கேட்பதற்கு முன் 'பிழை சேருமா' என்று கேட்பது பயன்தரும் என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு. மைக்ரோநொடி அளவிலான சேரும் பிழை, மில்லிநொடி அளவிலான சேராப் பிழையைச் சில நிமிடங்களில் விஞ்சிவிடும்.

டைமரின் அமைப்பு

டைமர் என்பது அடிப்படையில் ஓர் எண்ணி. கடிகாரத் துடிப்பு ஒன்று வரும்போதெல்லாம் அதன் மதிப்பு 1 கூடும். நிரல் வேறெந்தப் பணியில் ஈடுபட்டிருப்பினும் அது எண்ணிக்கொண்டே இருக்கும். ஆர்டுவினோ ஊனோ பலகையில் உள்ள ஏடிமெகா328பியில் மூன்று டைமர்கள் உள்ளன. டைமர் 0, டைமர் 2 ஆகியவை 8 பிட் கொண்டவை. 255 வரை எண்ணும். டைமர் 1 என்பது 16 பிட் கொண்டது. 65,535 வரை எண்ணும். பலகையின் துடிப்பு நொடிக்கு 1 கோடியே 60 இலட்சம், அஃதாவது 16 மெகாஹெர்ட்சு. ஒரு துடிப்பின் நீளம் 62.5 நானோநொடி. இந்த வேகத்தில் 16 பிட் எண்ணி 4.096 மில்லிநொடியில் நிரம்பிவிடும். எனவே துடிப்பை முன்னரே வகுத்துத் தரும் முன்வகுப்பி ஒன்று இடையில் வைக்கப்பட்டுள்ளது. டைமர் 1இல் அது 1, 8, 64, 256, 1,024 ஆகிய எண்களால் வகுக்கும்.

இம்மூன்றனுள் டைமர் 0ஐத் தொடாதிருப்பது நன்று. ஆர்டுவினோவின் மென்பொருள் தன் மில்லிநொடிக் கணக்கையும் 'காத்திரு' கட்டளையையும் அதன்மீதே அமைத்துள்ளது. டைமர் 2ஐ ஒலி எழுப்பும் கட்டளை பயன்படுத்துகிறது. டைமர் 1ஐச் செர்வோ மோட்டார் நூலகம் எடுத்துக்கொள்ளும். மோட்டார் இல்லாத கருவியில் டைமர் 1 நமக்குரியது.

ஒரு நொடியை அமைத்தல்

நொடிக்கு ஒருமுறை குறுக்கீடு எழவேண்டும். ஒரு நொடிக்குரிய 1,60,00,000 துடிப்புகளை 65,536க்குள் அடங்கும் எண்ணாக்க, குறைந்தது 245ஆல் வகுக்கவேண்டும். கிடைக்கும் வகுப்பிகளுள் 256 பொருந்தும். அதனால் வகுத்தால் 62,500 வருகிறது, மீதி இல்லை. 1,024ஆல் வகுத்தாலும் 15,625 என மீதியின்றி வரும். இரண்டும் சரியே எனினும் 256ஐத் தேர்வது நலம். எண்ணியின் ஒரு படி 64 மைக்ரோநொடியாக இராமல் 16 மைக்ரோநொடியாக இருக்கும். பின்னர் திருத்தம் செய்ய நேரும்போது இந்த நுண்மை உதவும்.

எண்ணி ஒரு குறிப்பிட்ட மதிப்பை அடைந்ததும் தானே சுழிக்குத் திரும்பும் முறைக்குச் சி.டி.சி. முறை என்று பெயர். அந்த மதிப்பு ஓ.சி.ஆர்.1ஏ என்னும் ஒப்பீட்டுப் பதிவகத்தில் எழுதப்படும். நிரலில் செய்யவேண்டியவை சிலவே. முதலில் குறுக்கீடுகளை நிறுத்துக. டி.சி.சி.ஆர்.1ஏ, டி.சி.சி.ஆர்.1பி ஆகிய இரு கட்டுப்பாட்டுப் பதிவகங்களிலும் 0 எழுதுக. எண்ணிப் பதிவகமாகிய டி.சி.என்.டி.1இலும் 0 எழுதுக. ஒப்பீட்டுப் பதிவகத்தில் 62,499 எழுதுக. பின்னர் டி.சி.சி.ஆர்.1பியில் 12 எழுதுக. இதில் 8 என்பது சி.டி.சி. முறையையும், 4 என்பது 256ஆல் வகுப்பதையும் குறிக்கும். டி.ஐ.எம்.எஸ்.கே.1இல் 2 எழுதினால் ஒப்பீட்டுக் குறுக்கீடு இயங்கத் தொடங்கும். இறுதியாகக் குறுக்கீடுகளை மீண்டும் அனுமதிக்க.

கட்டுப்பாட்டுப் பதிவகங்களில் முதலில் 0 எழுதுவது சடங்கன்று. நம் நிரல் தொடங்குமுன் ஆர்டுவினோவின் தொடக்க நிரல் டைமர் 1ஐத் துடிப்பகலப் பண்பேற்றத்துக்காக அமைத்துவிடுகிறது, டி.சி.சி.ஆர்.1ஏயில் 1, டி.சி.சி.ஆர்.1பியில் 3 ஆகிய மதிப்புகள் ஏற்கெனவே உள்ளன. இதனை அறியாதவர், வேண்டிய பிட்டுகளை மட்டும் 'அல்லது' செயலியால் சேர்ப்பார். 3உடன் 12 சேர்ந்தால் 15 ஆகும். அதன் கடைசி மூன்று பிட்டுகளும் 1 ஆகிவிடுவதால், அகத் துடிப்பை விட்டுவிட்டுப் பலகையின் 5ஆம் முனையில் வரும் புறத் துடிப்பை எண்ணுக என்று பொருள்படும். அம்முனையில் எதுவும் இணைக்கப்படாதபோது டைமர் நின்றுபோகும், அல்லது மின் இரைச்சலை எண்ணிக்கொண்டிருக்கும். துடிப்பு ஒழுங்காக வந்தாலுங்கூட, டி.சி.சி.ஆர்.1ஏயில் எஞ்சிய 1 காரணமாக எண்ணி 255இலேயே திரும்பிவிடும். 62,499ஐ ஒருபோதும் எட்டாது. நிரலில் எழுத்துப் பிழை ஏதும் இல்லை, தொகுப்பியும் குறை கூறவில்லை, ஆயினும் குறுக்கீடு எழவில்லை என்று மாணவர் வந்து நிற்கும்போது ஆசிரியர் முதலில் நோக்கவேண்டிய இடம் இது.

ஒன்று குறைப்பதன் காரணம்

62,500 படிகள் வேண்டுமெனில் 62,499 எழுதுவது ஏன்? எண்ணி 0இலிருந்து தொடங்குகிறது; 0 முதல் 62,499 வரை 62,500 நிலைகள். இது பலரும் அறிந்ததே. ஒன்றை மறந்தால் என்ன இழப்பு என்பதே ஆராயத்தக்கது.

1,024ஆல் வகுத்து, 15,624க்குப் பதில் 15,625 எழுதியதாகக் கொள்வோம். ஒவ்வொரு நொடியும் 64 மைக்ரோநொடி நீளும், நாளொன்றுக்கு 5.5 நொடி பிந்தும். இதே மறதி ஒரு மில்லிநொடிக் குறுக்கீட்டில் நேர்ந்தால் நிலைமை வேறு. 64ஆல் வகுத்தால் ஒரு மில்லிநொடிக்கு 250 படிகள். 249க்குப் பதில் 250 எழுதினால் பிழை 250இல் ஒன்று, அஃதாவது 0.4 விழுக்காடு. நாளொன்றுக்கு 5 நிமிடம் 45 நொடி பிந்தும். மறதி ஒன்றே, படிகளின் எண்ணிக்கை குறையக் குறைய அதன் விலை கூடுகிறது. இயன்றவரை சிறிய வகுப்பியையும் பெரிய எண்ணையும் கொள்க என்னும் விதிக்கு இது மற்றொரு காரணம்.

மீளேற்றமும் தானே திரும்புதலும்

இணையப் பாடங்களில் 3,036 என்னும் எண் அடிக்கடி தென்படும். 65,536இலிருந்து 62,500ஐக் கழித்தால் வருவது அது. எண்ணியை 3,036இலிருந்து தொடங்கச் செய்தால் ஒரு நொடியில் நிரம்பி வழியும். வழியும்போது எழும் குறுக்கீட்டில் எண்ணியில் மீண்டும் 3,036ஐ ஏற்றவேண்டும். இதனை மீளேற்ற முறை எனலாம். தொடக்க மதிப்பை எழுதுவது வன்பொருள் அன்று, நிரல். வேறுபாடு அனைத்தும் இதில்தான் உள்ளது.

எண்ணி வழிந்த கணத்துக்கும் நிரல் 3,036ஐ எழுதும் கணத்துக்கும் இடையே ஓர் இடைவெளி உண்டு. இந்நுண்கட்டுப்படுத்தி ஒரு குறுக்கீட்டுக்குச் செவிசாய்க்கவே குறைந்தது 4 துடிப்புகள் ஆகும். அதன்பின் பதிவகங்களைச் சேமிக்கவும் சில துடிப்புகள் வேண்டும். அவ்வேளையில் வேறொரு குறுக்கீடு நடந்துகொண்டிருந்தால் அது முடியும்வரை காத்திருக்க நேரும். இந்த இடைவெளியில் எண்ணி எண்ணியவை அனைத்தும், மேலெழுதப்படும்போது அழிந்துவிடுகின்றன. எழுந்த கணத்திலிருந்து 24 மணி நேரம் எண்ணுபவரின் நிலையே இது.

இம்முறை சோதனையில் அகப்படாததற்குக் காரணம் உண்டு. 256ஆல் வகுக்கும்போது ஒரு படி 16 மைக்ரோநொடி நீளமுடையது. வழக்கமான தாமதம் அதனினும் குறைவாதலால், நிரல் 3,036ஐ எழுதும்போது எண்ணி பெரும்பாலும் 0இலேயே இருக்கும், எதுவும் இழக்கப்படாது. விளக்கை மட்டும் சிமிட்டிப் பார்ப்பவர் பிழையைக் காணமாட்டார். உணரியின் நூலகத்தைச் சேர்த்ததும் நிலைமை மாறும். டி.எச்.டி.22 வகை ஈரப்பத உணரியைப் படிக்கும் நூலகங்கள் சில, துடிப்புகளின் அகலத்தைத் துல்லியமாக அளப்பதற்காகச் சில மில்லிநொடிகள் குறுக்கீடுகளை முற்றிலும் நிறுத்திவைக்கின்றன. அந்நேரத்தில் எண்ணி வழிந்தால், 4 மில்லிநொடித் தாமதத்துக்கு 250 படிகள் இழக்கப்படும்.

சி.டி.சி. முறையில் எண்ணியைச் சுழிக்குத் திருப்புவது வன்பொருள். நிரல் பிந்தினாலும் எண்ணி பிந்துவதில்லை. அது ஆலைச் சங்கு. குறுக்கீட்டு நிரல் 4 மில்லிநொடி தாழ்த்து ஓடினால் அந்த ஒரு நொடியின் அளவீடு மட்டும் தாழும். அடுத்தது உரிய நேரத்தில் வரும்.

டைமரைத் தொடாமல் மில்லிநொடிக் கணக்கைக் கொண்டே எழுதப்படும் நிரல்களிலும் இவ்வேறுபாடு உண்டு. உரிய இடைவெளி கடந்ததும், முந்தைய நேரம் என்னும் மாறியில் 'இப்போதைய நேரத்தை' இடுவது ஒருவகை. ஆர்டுவினோவுடன் வரும் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு நிரல் அவ்வாறே செய்கிறது. அம்மாறியுடன் 'இடைவெளியைக் கூட்டுவது' மற்றொரு வகை. முதல் வகையில் தாமதம் சேரும். இரண்டாம் வகையில் சேராது. ஒரு வரியே வேறுபாடு. விளக்கைச் சிமிட்டுவதற்கு முதல் வகை போதும். அதை அப்படியே எடுத்து அளவீட்டுக் கருவிக்குள் வைப்பது பொருந்தாது.

கொடி ஒன்றே, எண் அன்று

மில்லிநொடிக் கணக்கைப் பற்றி மேலும் ஒன்று கூறவேண்டும். ஒரு குறுக்கீடு எழவேண்டியபோது வன்பொருள் ஒரு பிட்டை 1 ஆக்கி வைக்கிறது. அதனைக் கொடி என்பர். குறுக்கீடுகள் நிறுத்தப்பட்டிருக்கும்போது கொடி உயர்ந்து காத்திருக்கும். ஆனால் கொடி ஒருமுறை உயர்ந்ததா, நான்குமுறை உயர்ந்ததா என்பதை அது நினைவில் வைப்பதில்லை.

டைமர் 0 ஒவ்வொரு 1.024 மில்லிநொடிக்கும் வழிகிறது. குறுக்கீடுகள் 4 மில்லிநொடி நிறுத்தப்பட்டால் குறைந்தது மூன்று வழிவுகள் நிகழும். ஒன்று மட்டுமே கணக்கில் சேரும். குறைந்தது 2.048 மில்லிநொடி என்றென்றைக்குமாக இழக்கப்படும். 2 நொடிக்கு ஒருமுறை உணரியைப் படித்தால் நாளொன்றுக்கு 43,200 முறை. இழப்பு ஏறத்தாழ 88 நொடி. ஆனால் டைமர் 1 நொடிக்கு ஒருமுறை மட்டுமே கொடியை உயர்த்துவதால் அதே 4 மில்லிநொடியில் எதையும் இழப்பதில்லை. ஒரே பலகையில், ஒரே துடிப்பில் இயங்கும் இரு கணக்குகள் ஒன்றையொன்று விட்டு விலகிச் செல்வதற்கு இது காரணமாகலாம்.

நம் நிரலிலும் இதே குறை புகக்கூடும். நினைவக அட்டையில் எழுதுவது போன்ற நீண்ட பணியைக் குறுக்கீட்டு நிரலுக்குள் செய்யலாகாது என்பதால், அங்கே ஒரு மாறியை 1 ஆக்கிவிட்டு முதன்மை நிரலில் பணியைச் செய்வது வழக்கம். அட்டை சில வேளைகளில் எழுதுவதற்கு 100 மில்லிநொடிக்கும் மேல் எடுத்துக்கொள்ளும். 20 மில்லிநொடி இடைவெளியில் அளக்கும் கருவியில் அதற்குள் ஐந்து முறை மாறி 1 ஆகியிருக்கும். முதன்மை நிரல் ஒருமுறைதான் நிகழ்ந்ததாகக் கொள்ளும். மாறியை 1 ஆக்குவதற்குப் பதில் 1 கூட்டினால் எத்தனை அளவீடுகள் தவறின என்பதாவது பதிவில் நிற்கும். தவறிய அளவீட்டைத் தவறியதாகக் காட்டும் தரவு, ஆய்வுக்கு உதவாத தரவன்று.

அவ்வாறு கூட்டப்படும் எண் 8 பிட்டைவிடப் பெரியதாயின் அதனைப் படிப்பதிலும் கவனம் வேண்டும். இந்நுண்கட்டுப்படுத்தி ஒருமுறைக்கு ஒரு பைட் மட்டுமே படிக்கும். எண் 255இலிருந்து 256 ஆகும் கணத்தில், கீழ்ப் பைட்டைப் பழைய எண்ணிலிருந்தும் மேல்பைட்டைப் புதிய எண்ணிலிருந்தும் படித்தால் 511 கிடைக்கும். இது ஆயிரத்தில் ஒருமுறைகூட நேராத பிழை; அதனாலேயே தேடிக் காண்பதற்கு அரியது. படிக்கும் அந்தச் சில துடிப்புகளுக்கு மட்டும் குறுக்கீடுகளை நிறுத்துவது போதுமானது.

வகுபடாத காலம்

ஒரு நொடி 62,500 படிகளாக மீதியின்றி வகுபட்டது நற்பேறு. எப்போதும் அவ்வாறு அமையாது. ஆர்டுவினோவின் மில்லிநொடிக் கணக்கே அதற்குச் சான்று. வழிவு ஒன்றுக்கு 1.024 மில்லிநொடி, ஆனால் கணக்கில் 1 மட்டுமே கூட்டப்படுகிறது. எஞ்சும் 24 மைக்ரோநொடியை அந்நிரல் எறிந்துவிடுவதில்லை. தனி மாறியில் சேர்த்து வைத்து, அது 1,000ஐ எட்டும்போது கணக்கில் இன்னுமொன்றைக் கூட்டுகிறது. ஆகவே 41 அல்லது 42 வழிவுகளுக்கு ஒருமுறை எண் ஒன்றைத் தாண்டிச் செல்லும். எந்தக் கணத்திலும் பிழை ஒரு மில்லிநொடியைச் சுற்றியே நிற்கும். ஓராண்டு ஓடினாலும் இக்காரணத்தால் கூடாது. சேரவேண்டிய பிழையைச் சேராததாக மாற்றிய அழகிய சிறு கணக்கு இது. எண் சில மதிப்புகளைத் தாண்டுவதால், 'கணக்கு சரியாக 1,000ஆல் வகுபடும்போது செய்க' என்று எழுதும் நிரல் சில முறை செய்யாமல் விட்டுவிடும் என்பதையும் நினைவிற் கொள்க.

டைமர் 1இலும் இதனைச் செய்யலாம். நொடிக்கு 60 முறை அளக்கவேண்டும் எனில், 8ஆல் வகுத்தபின் 33,333.33 படிகள் வருகின்றன. இருமுறை 33,333, ஒருமுறை 33,334 என மாறிமாறி அமைத்தால் மூன்று இடைவெளிகள் சேர்ந்து சரியாக 1,00,000 படிகள், 50 மில்லிநொடி. ஓர் எச்சரிக்கை: சி.டி.சி. முறையில் ஒப்பீட்டுப் பதிவகத்தில் எழுதும் மதிப்பு உடனே நடைமுறைக்கு வரும். எண்ணி ஏற்கெனவே கடந்துவிட்ட மதிப்பை எழுதினால், அது 65,535 வரை சென்று சுற்றிக்கொண்டு வரவேண்டியிருக்கும். ஆதலால் குறுக்கீட்டு நிரலின் தொடக்கத்திலேயே, எண்ணி சிறிய மதிப்பில் இருக்கும்போதே, மாற்றத்தைச் செய்துவிடவேண்டும்.

எஞ்சியதை எறிந்துவிட்டால் என்னாகும் என்பதற்கு வரலாற்றில் ஒரு கொடிய சான்று உண்டு. 1991 பிப்ரவரி 25 அன்று சவூதி அரேபியாவின் தஹ்ரானில், அமெரிக்கப் பேட்ரியட் எதிர்ப்பு ஏவுகணை அமைப்பு, வந்துகொண்டிருந்த ஸ்கட் ஏவுகணையை இடைமறிக்கத் தவறியது. 28 அமெரிக்கப் படைவீரர்கள் உயிரிழந்தனர். அவ்வமைப்பு நேரத்தைப் பத்திலொரு நொடிகளாக எண்ணியது. எண்ணியதில் பிழையில்லை, நொடியாக மாற்றுவதற்குப் பெருக்கிய 0.1 என்னும் எண்ணில் பிழை இருந்தது. இரும எண்முறையில் 0.1 முடிவின்றி நீள்வது. 24 பிட்டில் வெட்டப்பட்டபோது ஒரு நொடியின் கோடியில் ஒரு பங்கை நெருங்கும் குறை உண்டாயிற்று. தொடர்ந்து 100 மணி நேரம் இயங்கியபின் அது ஏறத்தாழ 0.34 நொடியாகச் சேர்ந்திருந்தது. ஏவுகணையின் வேகத்தில் அது அரைக் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவு.

துடிப்பின் மூலம்

நிரல் முற்றிலும் சரியாக இருந்தாலும், எண்ணப்படும் துடிப்பு சரியாக உள்ளதா என்னும் வினா எஞ்சுகிறது. ஊனோ பலகையில் பளபளக்கும் உலோக உறையுடன் தென்படும் குவார்ட்சுப் படிகத்தைக் கண்டு, ஏடிமெகா328பி அதனால் இயங்குவதாகப் பலர் கருதுகின்றனர். அப்படிகம் கணினியுடன் உரையாடும் மற்றொரு சில்லுக்கு உரியது. நம் நிரல் ஓடும் சில்லுக்குப் பீங்கான் ஒத்திசைவியே துடிப்பைத் தருகிறது. அதன் ஏற்புப் பிழை 0.5 விழுக்காடு, நாளொன்றுக்கு 7 நிமிடம் 12 நொடி வரை ஆகலாம். 50 பி.பி.எம்., அஃதாவது பத்து இலட்சத்தில் 50 பங்கு பிழையுடைய சாதாரணக் குவார்ட்சுப் படிகம் நாளொன்றுக்கு 4.3 நொடிக்குள் நிற்கும். வெப்பநிலைக்கேற்பத் தன்னைத் திருத்திக்கொள்ளும் டி.எஸ்.3231 கடிகாரச் சில்லின் பிழை, 0 முதல் 40 பாகை செல்சியசு வரை பத்து இலட்சத்தில் 2 பங்கே, நாளொன்றுக்கு 0.17 நொடி. மறுமுனையில், சில்லுக்குள்ளேயே அமைந்த 8 மெகாஹெர்ட்சு அலையியற்றி தொழிற்சாலையில் 10 விழுக்காட்டுக்குள் மட்டுமே சரிசெய்யப்படுகிறது.

இவை அனைத்தும் சேரும் பிழைகள். எந்த நிரல் நுட்பமும் இவற்றைத் தானாக நீக்காது. ஆனால் அளந்து திருத்தலாம். குறிப்பிட்ட ஒரு பலகை 0.12 விழுக்காடு மெதுவாக ஓடுவதாகக் கண்டறிந்தால், 62,500 படிகளை 62,425 ஆக்கி, பதிவகத்தில் 62,424 எழுதலாம். அத்திருத்தம் அப்பலகைக்கும் அந்த வெப்பநிலைக்கும் மட்டுமே உரியது. வெயிலில் வைக்கப்படும் கருவிக்குப் போதாது. பல நாள்கள் களத்தில் இருக்கும் கருவியாயின், டி.எஸ்.3231 தரும் நொடித் துடிப்பையே குறுக்கீடாகக் கொண்டு, டைமர் 1ஐ நொடிக்குள் அமையும் நுண்காலத்துக்கு மட்டும் பயன்படுத்துவது இக்கட்டுரையாளர் பரிந்துரைக்கும் அமைப்பு.

சேராப் பிழை தீங்கற்றதா

சேராத பிழை எப்போதும் புறக்கணிக்கத்தக்கது என்று கொள்வதும் தவறு. அளக்கப்படுவது வேகமாக மாறும் குறியாயின், ஒவ்வோர் அளவீடும் சிறிது முன்பின்னாக நிகழும் நடுக்கமே பிழையாக வெளிப்படும். இந்தியா, இலங்கை இரண்டிலும் மின்வலையின் அதிர்வெண் 50 ஹெர்ட்சு. அச்சைன் அலையை அளக்கும்போது மாதிரியெடுப்பில் 10 மைக்ரோநொடி நடுக்கம் இருந்தால், அலை சுழியைக் கடக்கும் இடத்தில் வீச்சின் 0.3 விழுக்காடு பிழை நேரும். 10 பிட் அனலாக்-டிஜிட்டல் மாற்றியின் முழு அளவையையும் அலை நிரப்புமெனில் அது ஒன்றரைப் படிக்கும் மேல். வெப்பநிலையைப் பதிபவருக்கு இது பொருட்டன்று. மின்தரத்தை ஆய்பவருக்குப் பொருட்டு.

இதற்குத் தீர்வு, நிரலை முற்றிலும் விலக்கிவைப்பது. ஏடிமெகா328பியில் டைமர் 1இன் இரண்டாம் ஒப்பீட்டுப் பதிவகமான ஓ.சி.ஆர்.1பி, மாற்றியை நேரடியாகத் தூண்டுமாறு அமைக்கலாம். எண்ணி அம்மதிப்பை அடைந்ததும் வன்பொருளே மாற்றத்தைத் தொடங்கும். தூண்டலுக்கும் மாதிரி பிடிக்கப்படுவதற்கும் இடைப்பட்ட நேரம் மாறாதிருக்கும். நிரல் பின்னர் ஓய்வாக வந்து மதிப்பை எடுத்துக்கொள்ளலாம். இங்கும் கொடியே சிக்கல் தரும்: மாற்றியைத் தூண்டுவது ஒப்பீட்டுக் கொடி 0இலிருந்து 1 ஆகும் மாற்றம், எனவே ஒவ்வொரு முறையும் அக்கொடியை நிரல் இறக்கவேண்டும். இறக்காவிடில் முதல் அளவீடு மட்டும் நிகழ்ந்து, அதன்பின் கருவி அமைதியாகிவிடும். கொடியை இறக்க அதன் பிட்டில் 1 எழுதவேண்டும், 0 அன்று என்பது இக்குடும்பச் சில்லுகளின் விந்தை.

பிழையை அளத்தல்

எந்தக் கருவியையும் களத்துக்கு அனுப்புமுன், நம்பத்தக்க வேறொரு கடிகாரத்துடன் நீண்டநேரம் ஒப்பிட்டு ஓடவிடவேண்டும். சில மணிக்கொருமுறை இரண்டின் வேறுபாட்டைக் குறித்து வரைந்தால், சாய்கோடு சேரும் பிழையைக் காட்டும். சுழியைச் சுற்றிச் சிதறும் புள்ளிகள் சேராப் பிழையைக் காட்டும். படிப்படியாக ஏறும் கோடு, குறுக்கீடுகள் எங்கோ நீண்டநேரம் நிறுத்தப்படுவதைக் காட்டும். உணரியின் நூலகத்தை நீக்கிவிட்டு மீண்டும் ஓட்டினால் படிகள் மறைகின்றனவா என்று பார்க்கலாம்.

எவ்வளவு நேரம் ஓட்டுவது என்பதும் கணக்கே. கண்ணால் பார்த்துக் குறிக்கும் ஒப்பீட்டில் ஒரு நொடிவரை ஐயம் இருக்கும் எனில், பத்து இலட்சத்தில் 64 பங்குப் பிழை ஒரு நொடியாக வளர 4 மணி 20 நிமிடம் ஆகும். 20 பங்குப் பிழைக்கு ஏறத்தாழ 14 மணி நேரம். பீங்கான் ஒத்திசைவியுடைய பலகையில் முதற்பிழை, அதனினும் பன்மடங்கு பெரிய ஒத்திசைவிப் பிழைக்குள் ஒளிந்துகொள்ளும். ஒன்று குறைக்க மறந்ததைக் கண்டறிய விரும்புவோர் முதலில் துடிப்பின் மூலத்தை மாற்றவேண்டும், அல்லது நிரலைத் தாளில் எண்ணிப் பார்க்கவேண்டும்.